கார் அவருக்கு... கணக்கு யாருக்கு?



சில வாரங்களுக்கு முன் இந்தப் பகுதியில் ஒரு சகோதரி, கணவர் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, சம்பாதிப்பதையெல்லாம் அதிலேயே கொட்டுகிறார் என்று மனம் நொந்து எழுதியிருந்தார். பதில் எழுதிய தோழிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விட்டார்கள். "இந்தப் பழைய வண்டிப் பைத்தியத்தை முளையிலேயே கிள்ளி எறியுங்கள்" என்று ஒரு கட்சி. "குடிச்சுட்டு வர்றதுக்கு இது தேவலை, விட்டுக் கொடுத்துப் போங்க" என்று இன்னொரு கட்சி.

எனக்கு இரண்டுமே சம்மதமில்லை. முதல் கட்சி கணவனைச் சின்னப்பிள்ளையாக நினைக்கிறது. இரண்டாவது கட்சி மனைவியை வாய் இல்லாத பூச்சியாக நினைக்கிறது. பழைய வண்டியை வாங்கலாமா, வேண்டாமா என்பதை அவருடைய ஆசையும் தீர்மானிக்கக் கூடாது, நம்முடைய கோபமும் தீர்மானிக்கக் கூடாது. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இரண்டு பேரும் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து போடுகிற கணக்குதான் தீர்மானிக்க வேண்டும். இதுதான் என் கருத்து. இதைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இந்த வருஷம் எங்கள் வீட்டுக்கும் இதே பிரச்னை வந்தது. மோட்டார் சைக்கிள் இல்லை, கார்!

என் வீட்டுக்காரர் பம்பு செட் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். அவர் சின்ன வயசில் பக்கத்துத் தெரு டாக்டர் ஒரு ஹெரால்டு கார் வைத்திருந்தாராம். ஞாயிற்றுக்கிழமை அதைத் துடைத்துக் கொடுத்தால் எட்டணா கிடைக்கும். எட்டணாவை விட, துடைத்து முடித்ததும் டாக்டர் தெருமுனை வரை உட்கார வைத்து ஓட்டிக் கொண்டு போவதுதான் பெரிசு என்பார். அந்த ஆசை முப்பது வருஷமாக உள்ளே கிடந்திருக்கிறது. உடுமலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் 1966-ம் வருஷத்து ஹெரால்டு நிற்கிறது, விலை 2,75,000 ரூபாய் என்று ஒரு புரோக்கர் சொன்னதும், மனுஷனுக்கு அன்று ராத்திரி தூக்கம் இல்லை.

இளவயசுத் தோழிகள் பலர் அந்தக் காரின் பெயரையே கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். நானும் பழைய சினிமாவில் பார்த்ததோடு சரி. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ப் ஹெரால்டு என்று வந்தது. உருவம் வரைந்து கொடுத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலிக்காரர். 1961-லிருந்து நம்ம சென்னையிலேயே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியில் அதைச் செய்து, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று விற்றார்கள். அம்பாசிடர், பியட், ஹெரால்டு... இந்த மூன்றை விட்டால் அந்தக் காலத்து ரோட்டில் வேறு கார் பார்ப்பது அபூர்வம். ஆரம்ப கால ஹெரால்டு இரண்டு கதவுக் கார். பானெட் முன்பக்க மட்காடோடு சேர்ந்து அப்படியே முன்னால் சாய்ந்து திறக்கும். சின்ன சந்திலும் சட்டென்று வட்டமடித்துத் திரும்பும்.

அதோடு, இதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கித்தான் 1962-ல் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் என்ற இரண்டு பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் காரை இங்கிலாந்தில் செய்தார்களாம். "ஆக, இது நம்மூரு ஸ்போர்ட்ஸ் காரு" என்பது என் வீட்டுக்காரர் வாதம். என்ஜின் வெறும் 948 சி.சி. இன்றைக்கு ஓடும் சின்ன கார் கூட இதைச் சுலபமாகத் தாண்டிப் போய் விடும். இருந்தாலும் அவர் கண்ணுக்கு அது ஸ்போர்ட்ஸ் கார்தான். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. அம்மாவின் பழைய கூறைப் புடவையை நாம் எடுத்து எடுத்துப் பார்த்து மடித்து வைப்பதில்லையா? அதைக் கட்டிக்கொண்டா மார்க்கெட்டுக்குப் போகிறோம்? ஆசை என்பது ஆண்களுக்கும் அப்படித்தான்.

ஆனால் புடவை சோறு கேட்காது. கார் கேட்கும். அங்கேதான் கணக்கு தொடங்குகிறது.

எங்களிடம் இருந்தது சீட்டு எடுத்த பணம் மூன்று லட்சம். மூத்த மகள் அடுத்த வருஷம் பிளஸ் டூ முடிக்கிறாள். அவள் கல்லூரிக்கென்று நான் மாசம் தவறாமல் கட்டிய சீட்டு அது. "2,75,000 போக மீதி 25,000 இருக்குதில்ல, பெட்ரோல் அடிக்கலாம்" என்று அவர் சொன்னபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனாலும் 'முடியாது' என்று நான் சொல்லவில்லை. "ஏனுங்க, முதல்ல போய்ப் பார்க்கலாம். நானும் வர்றேன். ஆனா பணம் எடுத்துட்டுப் போக வேண்டாம்" என்றேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், எடுத்த எடுப்பில் 'முடியாது' என்று சொல்லி விட்டால் பல வீட்டில் என்ன நடக்கிறது? அவர்கள் நமக்குத் தெரியாமல் அட்வான்ஸ் கொடுத்து விடுகிறார்கள். அப்புறம் வண்டி வந்து வாசலில் நின்ற பிறகு சண்டை போட்டு என்ன பயன்? கூடவே போனால் விவரம் நமக்கும் தெரியும். பத்தாவது வரை படித்த எனக்கே புரிந்தது என்றால் எல்லோருக்கும் புரியும்.

எங்களுக்குத் தெரிந்த வயசான மெக்கானிக் ஒருவரை, விற்பவருக்கோ புரோக்கருக்கோ வேண்டாதவராகப் பார்த்து, கூட்டிக்கொண்டு போனோம். அவருக்குக் கூலி நாங்களே கொடுத்து விட்டோம். புரோக்கர் கொண்டு வரும் மெக்கானிக் புரோக்கர் வாயால்தான் பேசுவார். இது முதல் பாடம்.

பெரியவர் சொன்னபடி நான் வீட்டு பிரிஜ்ஜில் ஒட்டியிருந்த காந்த பொம்மை ஒன்றைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கார் பார்க்கப் பளபளவென்று, இளம்பச்சைப் பெயின்டில் கல்யாணப்பெண் மாதிரிதான் நின்றது. கதவின் அடிப்பக்கம், மட்காடு, டிக்கி ஓரம் என்று காந்தத்தை வைத்துக்கொண்டே வந்தேன். தகடு இருக்கும் இடத்தில் கப்பென்று ஒட்டும். தகடு துருப்பிடித்துப் போய் பட்டி வைத்துப் பூசி மெழுகியிருக்கும் இடத்தில் ஒட்டாமல் கீழே விழுந்து விடும். எங்கள் பொம்மை ஏழெட்டு இடத்தில் விழுந்தது! டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கினால், ஓட்டை வழியாகத் தோட்டத்து மண் தெரிகிறது.

ஹெரால்டில் இன்னொரு சூட்சுமம் உண்டு என்றார் பெரியவர். இந்தக் காலத்துக் கார் மாதிரி பாடியே எலும்புக்கூடு இல்லை. கீழே தனியாக ஒரு சேசிஸ் இருக்கிறது, அதன் மேல் பாடியைத் துண்டு துண்டாக போல்ட்டு போட்டு முடுக்கியிருக்கிறார்கள். அதனால் மேலே கதவு துருப்பிடித்தால் மாற்றிக் கொள்ளலாம், மட்காடு போனால் தட்டிக் கொள்ளலாம். கீழே சேசிஸ் போய்விட்டால்? "அம்மிணி, அஸ்திவாரம் போன வூட்டுக்கு வெள்ளை அடிச்சு என்ன புண்ணியம்?" என்றார். ஆகவே பெயின்டைப் பார்த்து மயங்காமல், கீழே படுத்து டார்ச் அடித்துப் பார்க்கத் தெரிந்த ஆளை அழைத்துப் போக வேண்டும். ஹெரால்டு என்றில்லை, எந்தப் பழைய காருக்கும் முதலில் பார்க்க வேண்டியது துரு. என்ஜினைப் பிரித்துக் கோர்த்து விடலாம், துரு பிடித்த உடம்பைச் சரி செய்வதுதான் பெரிய செலவு.

என்ஜினையும் பார்த்தோம். நாங்கள் போனபோதே பானெட் கை பொறுக்க முடியாத சூடு. வெயில் சூடு இல்லை, நாங்கள் வருவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருக்கிறார்கள். குளிர்ந்த என்ஜின் ஒரே தட்டில் கிளம்புகிறதா என்பதுதான் சோதனை. அது நமக்குத் தெரியக்கூடாது என்றுதான் முன்னாலேயே சூடேற்றி வைப்பது. பெரியவர் அசரவில்லை. "நாங்க டீ குடிச்சுட்டு வர்றோம்" என்று சொல்லி இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அழைத்துப் போனார். அப்புறம் பார்த்தால் கொசு மருந்து வண்டி மாதிரி நீலப் புகை. நீலப் புகை வந்தால் என்ஜினுக்குள் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். சூடான பிறகும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் உள்ளே தண்ணீர் போகிறது என்று அர்த்தம். இதைத் தெரிந்து கொள்ள என்ஜினியரிங் படிக்க வேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் பெரியவர் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதினேன். டிங்கரிங்கும் பெயின்ட்டும் 1,50,000. என்ஜின் வேலை 80,000. சீட்டு, உள்கூரைத் துணி 40,000. டயர் ஐந்தும் பேட்டரியும் 30,000. ஒயரிங் 25,000. பிரேக் வேலை 20,000. கூட்டினால் 3,45,000. காரின் விலையை விட அதிகம்! இரண்டும் சேர்ந்து 6,20,000. "இது குறைச்சலாச் சொன்னதுங்க. வேலை ஆரம்பிச்சா இன்னும் இழுக்கும்" என்றார் பெரியவர். என் வீட்டுக்காரர் நோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. கணக்கே பேசியது.

இதில் இன்னும் எழுதாத செலவுகள் உண்டு. ஹெரால்டு செய்த கம்பெனி மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. பாகம் வேண்டுமென்றால் சென்னை புதுப்பேட்டை, கோவை உக்கடம் என்று பழைய சாமான் கடைகளில் தேட வேண்டும், இல்லாவிட்டால் லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்க வேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ப் கார் பாகங்களை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், அதில் நிறைய இதற்கும் சேரும். ஆனால் சாமான் விலையோடு கப்பல் கூலியும் சுங்க வரியும் சேர்ந்து கொள்ளும்.

பெட்ரோலும் மாறிப் போச்சு. அந்தக் காலத்துப் பெட்ரோலில் ஈயம் கலந்திருப்பார்கள், என்ஜினின் வால்வுகள் அந்த ஈயத்தை நம்பித்தான் செய்யப்பட்டன. 2000-ம் வருஷத்தோடு நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்று போனது. இப்போது பங்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. பழைய காரின் ரப்பர் குழாய், வாஷர் எல்லாவற்றையும் அது மெல்ல அரித்து விடும். அதற்குத் தாங்குகிற குழாயாக மாற்றாவிட்டால் பெட்ரோல் கசிந்து தீப்பிடிக்கிற ஆபத்து கூட உண்டு. வாங்கின கையோடு மாற்ற வேண்டிய சாமான் இது.

இதையெல்லாம் கூட ஆசைக்காகச் செலவு செய்யலாம் என்று வைத்துக் கொள்வோம். பேப்பர் சரியில்லை என்றால் என்ன செய்வது? தோழிகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். பழைய வண்டி வாங்குகிறவர்கள் என்ஜினைப் பார்க்கிற அளவுக்கு ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்பதில்லை. நாங்கள் பார்த்த காரின் ஆர்.சி. ஒரு எஸ்டேட் முதலாளி பெயரில் இருந்தது. அவர் இறந்து பல வருஷம் ஆகிறது. வாரிசு மூன்று பேர், அதில் ஒருவர் வெளிநாட்டில். விற்கிற மனிதர் கை மாறிக் கை மாறி வாங்கியவர், அவர் பெயரில் ஒரு துண்டுக் காகிதம் கிடையாது. "அதெல்லாம் பின்னால பாத்துக்கலாமுங்க, ஆர்.டி.ஓ. ஆபீசுல ஆளு இருக்குது" என்றார் புரோக்கர்.

பின்னால் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? சொந்தக்காரர் உயிரோடு இருந்தால் 29, 30 என்ற இரண்டு படிவத்தில் அவர் கையெழுத்து வேண்டும். இறந்து விட்டால் முதலில் வாரிசு பெயருக்கு 31-ம் படிவத்தில் மாற்ற வேண்டும், மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும், அப்புறம்தான் நம் பெயருக்கு வரும். வெளிநாட்டு வாரிசு கையெழுத்துப் போடாவிட்டால்? ஆறு லட்சம் செலவு செய்து மினுக்கி நிறுத்திய பிறகு, "அது எங்க அப்பா காரு" என்று ஒருவர் வந்து நின்றால் என்ன பதில் சொல்வோம்? நிலம் வாங்கும்போது வில்லங்கம் பார்க்கிறோமே, காருக்கும் அப்படித்தான் பார்க்க வேண்டும். ஆர்.சி.யில் உள்ள என்ஜின் நம்பர், சேசிஸ் நம்பர் இரண்டையும் வண்டியில் உள்ள நம்பரோடு எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். கையால் எழுதிய பழைய ஆர்.சி. என்றால் அது கணினியில் ஏறியிருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் கேட்க வேண்டும்.

பதிவுக்கும் செலவு உண்டு. சொந்தக் காருக்கு 15 வருஷம் முடிந்தால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் வண்டியைக் காட்டி ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு முன்பு சில நூறு ரூபாய்தான். 2022 ஏப்ரலில் 5,000 ஆக்கினார்கள். 2025 ஆகஸ்டில் 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக உயர்த்தினார்கள். பசுமை வரி தனி. புதுப்பிக்காமல் விட்டிருந்தால் தாமதத்துக்கும் கணக்குப் பண்ணி வாங்குவார்கள். நாங்கள் பார்த்த கார் அப்படி விட்டுப் போனதுதான்.

50 வருஷம் தாண்டிய வண்டிகளுக்கு இன்னொரு வழியை 2021-ல் மத்திய அரசு கொண்டு வந்தது. சேசிஸ், பாடி, என்ஜின் எதையும் பெரிதாக மாற்றாமல் பழையபடியே வைத்திருந்தால் 'விண்டேஜ்' என்று தனியாகப் பதிவு செய்து கொள்ளலாம். நம்பரிலேயே வி.ஏ. என்ற எழுத்து வரும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் அந்த நம்பர் வாங்கிய காரை அன்றாடத்துக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பழைய கார் ஊர்வலத்துக்கும் போகலாம், பெட்ரோல் போடவும் ரிப்பேருக்கும் எடுக்கலாம். அவ்வளவுதான். பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டு விட, கோயிலுக்குப் போக என்று நினைத்து வாங்குகிறவர்கள் இதை முன்னாடியே தெரிந்து கொள்வது நல்லது.

எங்கள் கொழுந்தனார் இதற்கெல்லாம் ஒரு சமாதானம் வைத்திருந்தார். "அண்ணி, கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்புக்கு வாடகைக்கு விடலாம். சினிமாக்காரங்க கேப்பாங்க. போட்ட காசு ரெண்டே வருஷத்துல வந்துரும்" என்றார். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் சொந்த உபயோகத்துக்கென்று பதிவு செய்த காரை வாடகைக்கு விடுவது சட்டப்படி தப்பு. விண்டேஜ் பதிவிலும் வியாபாரத்துக்கு ஓட்டக் கூடாது. அப்படி வாடகைக்குப் போன இடத்தில் ஒரு விபத்து நடந்து விட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்து விடும். மாப்பிள்ளை அழைப்பு நமக்குத் திவசம் ஆகிவிடும்.

"தங்கம் மாதிரி விலை ஏறும்" என்பது அடுத்த சமாதானம். ஏறலாம், நான் மறுக்கவில்லை. ஆனால் காலையில் பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் பணம் கட்டு என்றால், வளையலைக் கொண்டு போய் வைத்துப் பதினோரு மணிக்குக் கட்டி விடுகிறேன். ஹெரால்டை எந்த பாங்கில் வைப்பது? அதற்கு ஆசைப்பட்டு வாங்க இன்னொரு ஆள் வர வேண்டும். அவர் அடுத்த வாரம் வருவாரோ, அடுத்த ஆடிக்கு வருவாரோ! அவசரத்துக்கு உதவாததைச் சேமிப்பு என்று சொல்லாதீர்கள். ஆசைக்கு வாங்குகிறோம் என்று நேராகச் சொல்லுங்கள். அதில்தான் மரியாதை இருக்கிறது.

அடுத்தது, யாரும் நோட்டில் எழுதாத கணக்கு. கார் எங்கே நிற்கும்? எங்கள் வீட்டு முன்வாசலில்தான். அங்கே என் துணிக்கொடி இருக்கிறது, மாமியார் வடகம் காயப் போடுகிறார்கள், இளையவன் சைக்கிள் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அவர் காருக்குக் கீழே இருந்தால் ரேஷன் கடை, தண்ணி லாரி, மாமியாரின் சர்க்கரை மாத்திரை எல்லாம் யார் தலையில்? கிரீஸ் பட்ட சட்டையைத் தேய்ப்பது யார்? கார் அவருக்கு, கஷ்டம் நமக்கு என்றால் எந்தப் பெண்ணுக்குத்தான் எரிச்சல் வராது? "பொம்பளைங்களுக்கு வண்டியோட அருமை தெரியாது" என்று பேசுகிற ஆண்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். அருமை தெரியாமல் இல்லை ஐயா, வேலை கூடுகிறது!

பிள்ளைகளின் பாதுகாப்பையும் சொல்லி விடுகிறேன். அந்தக் காலத்துக் காரில் காற்றுப்பை இல்லை. நாங்கள் பார்த்ததில் சீட் பெல்ட்டும் இல்லை. நான்கு சக்கரத்திலும் பழைய டிரம் பிரேக்தான். முன்னால் போகும் புதுக்கார் சட்டென்று நின்றால் இது அத்தனை சீக்கிரம் நிற்காது. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உள்ளே மடங்குகிற குணமும் ஹெரால்டுக்கு உண்டு என்று பெரியவர் எச்சரித்தார். பெல்ட் மாட்டி, பிரேக்கைச் சரி பண்ணி, ஊருக்குள் மெதுவாக ஓட்டுவதென்றால் சரி. பைபாஸில் லாரிகளுக்கு நடுவே குழந்தைகளை உட்கார வைத்துக்கொண்டு போவதற்கு என் மனசு ஒப்பாது.

இவ்வளவு சொல்கிறாயே, கடைசியில் என்ன முடிவு என்று கேட்பீர்கள். அந்தக் காரை வாங்கவில்லை. அதைத் தீர்மானித்தது நான் இல்லை, என் வீட்டுக்காரரே. பேப்பர் விஷயம் ஒன்றே போதும் என்று விட்டார். இரண்டு நாள் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, எனக்கே பாவமாக இருந்தது. "அப்பாவுக்குக் கார் வேணும்னா எனக்குப் பக்கத்துக் காலேஜே போதும்மா" என்று மகள் சொன்னாள். அவள் அப்படிச் சொன்னதுதான் என்னை உறுத்தியது. பெரியவர்கள் ஆசைக்குப் பிள்ளைகள் தங்கள் படிப்பைச் சுருக்கிக் கொள்ளத் தயாராகி விடுகிறார்கள். கேட்காமலே தயாராகி விடுகிறார்கள்! அதைத்தான் நாம் நடக்க விடக் கூடாது.

அதனால் இப்படி ஏற்பாடு செய்திருக்கிறோம். சீட்டுப் பணம் மகள் படிப்புக்குத்தான், அதை யாரும் தொடக் கூடாது. தபால் ஆபீசில் இரண்டு பேர் பெயரிலும் ஐந்து வருஷ ஆர்.டி. ஒன்று, மாசம் 3,000 ரூபாய், கார் கணக்கு என்றே பெயர். அதில் 2,000 அவர் கடையிலிருந்து, 1,000 நான் வீட்டுச் செலவில் மிச்சம் பிடிப்பது. ஐந்து வருஷத்தில் அசல் 1,80,000, வட்டியோடு இரண்டு லட்சத்தைத் தாண்டும். அப்போது மகள் படிப்பும் முடிந்திருக்கும். அதற்குள் பேப்பர் சுத்தமாக, சேசிஸ் கெட்டியாக ஒரு கார் கண்ணில் பட்டால் பேசலாம், மீதிப் பணத்துக்கு வழி இருக்கிறதா என்று மறுபடி நோட்டைத் திறக்கலாம். அதுவரை மாசம் ஒரு நாள் பெரியவர் ஒர்க் ஷாப்பில் போய் உட்கார்ந்து பழைய கார் வேலையைக் கற்றுக் கொண்டு வருகிறார். கோவையில் அவினாசி ரோட்டில் உள்ள கார் மியூசியத்துக்குப் பிள்ளைகளோடு போய் வந்தோம். ஆசையைக் கொல்லவில்லை, வரிசையில் நிற்க வைத்திருக்கிறோம்.

நானும் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். அந்தக் கார் வரும்போது சாவி இரண்டு வேண்டும். நான் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்திருக்கிறேன். மாசாமாசம் பணம் கட்டுகிறவள் பின்சீட்டில் மட்டும் ஏன் உட்கார வேண்டும்?

சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். பழைய வண்டி என்றதும் பாயாதீர்கள். ஆர்.சி. யார் பெயரில், பழுது பார்க்க எவ்வளவு, விலைக்குச் சமமாக இன்னொரு பங்கு பணம் கையில் இருக்கிறதா, பிள்ளைகள் பணத்தில் கை வைக்காமல் முடியுமா, வண்டி எங்கே நிற்கும்... இந்த ஐந்தையும் பொறுமையாகக் கேளுங்கள். எல்லாவற்றுக்கும் நல்ல பதில் கிடைத்தால் சந்தோஷமாக வாங்கச் சொல்லுங்கள், நீங்களும் ஒரு ரவுண்டு போய் வாருங்கள். பதில் இல்லாத இடத்தில் அவர்களே யோசிக்கத் தொடங்கி விடுவார்கள்.

இந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் சகோதரர்களுக்கும் ஒன்று. வண்டியைப் பார்த்ததும் பாக்கெட்டில் இருப்பதை அட்வான்சாக நீட்டி விடாதீர்கள். முதலில் வீட்டில் சொல்லுங்கள். உங்கள் ஆசைக்கு எதிரி உங்கள் மனைவி இல்லை. துருப்பிடித்த சேசிஸும், செத்துப் போனவர் பெயரில் இருக்கும் ஆர்.சி.யும்தான்.

பைக் சகோதரியே, உங்கள் வீட்டிலும் இன்று இரவு ஒரு நோட்டை எடுத்து அவர் முன்னால் வையுங்கள். திட்டு வேண்டாம், கண்ணீர் வேண்டாம். இந்த வருஷம் அந்த வண்டிக்கு ஆன செலவை அவர் கையாலேயே எழுதச் சொல்லுங்கள். மற்ற தோழிகள் என்ன சொல்கிறீர்கள்?

— ஒரு வாசகி, பொள்ளாச்சி.